ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே: ஜெர்மன் வகுப்புக்கு நம்பிப் போகலாம், பராமரிப்புப் பயிற்சிக்குக் கேட்டுவிட்டுப் போங்கள்

ஜெர்மனிக்குக் குடும்ப விசாவில் வந்தவர்களிடம் முதல் மாதத்திலேயே யாராவது சொல்லிவிடும் பெயர் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே. பேச்சில் ஃபௌஹாஎஸ். நகராட்சிகளும் மாவட்டங்களும் நடத்தும் மக்கள் கல்லூரி இது; 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தின் 148ஆம் பிரிவிலேயே இதை வளர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. யோகா, மண்பாண்டம், இத்தாலியச் சமையல், வருமான வரி என்று எல்லாமே ஒரே கையேட்டில் கிடக்கும். நம் ஆட்கள் தேடிப் போவது பெரும்பாலும் இரண்டுக்குத்தான். ஒன்று ஜெர்மன் மொழி. மற்றொன்று, அதை முடித்ததும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர உதவும் குறுகியகாலப் பராமரிப்புப் பயிற்சி. ஒரே அலுவலகத்தில் பதிகிறோம் என்பதால் இரண்டும் ஒரே தரம், ஒரே பயன் என்று எண்ணிவிடக் கூடாது. மொழி வகுப்பு கொடுக்கும் காசுக்கு நியாயமானது. பராமரிப்புப் பயிற்சியோ யார், எந்த மொழிநிலையில், எந்தப் பயிற்சியில் சேர்கிறார் என்பதைப் பொறுத்துக் கைகொடுக்கும், இல்லாவிட்டால் காலை வாரிவிடும்.

முதலில் மொழி. நேரே போய்ப் பணம் கட்டிச் சேர்ந்துவிட முடியாது. ஆலோசனை நேரத்தில் போய், எந்த நிலையில் உட்கார வேண்டும் என்று பார்க்கும் தேர்வை எழுத வேண்டும். பெரிய நகரங்களில் இதற்கே முன்பதிவு வேண்டும். மொழிநிலையின் படிகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும். ஊரில் ஏ1 சான்றிதழ் வாங்கி வந்தவர்கள் அதைக் காட்டி நேரே ஏ2 கேட்பார்கள். விசாவுக்காக அவசர அவசரமாக மனப்பாடம் செய்த ஏ1 என்றால், ஏ2 வகுப்பில் இரண்டாவது வாரமே பிடி நழுவும். ஏ1இன் பின்பாதியில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் 100 பாடவேளை கூடுதலாகும், அவ்வளவுதான். பி1இல் போய்த் திணறி மறுபடி கட்டுவதைவிட அது மலிவு.

வந்தவுடன் கவனிக்க வேண்டிய விஷயம் கட்டணத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு சேர்ந்து வாழும் அனுமதி முதன்முறையாகக் கிடைத்தவருக்கு, ஓராண்டாவது செல்லும் அட்டை என்றால், இன்டெக்ராட்சியோன்ஸ்கூர்ஸ் எனப்படும் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேரும் உரிமை உண்டு. அதற்கான சீட்டை வெளிநாட்டினர் அலுவலகம் தரும். அனுமதி கிடைத்து ஓராண்டு ஆனதும் அந்த உரிமை போய்விடும். “பிள்ளை சின்னது, அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று தள்ளிப்போட்டவர்கள் நஷ்டப்படுவது இங்கேதான். சீட்டு இருந்தால் ஒரு பாடவேளைக்கு 2.29 யூரோ, 100 பாடவேளைக்கு 229 யூரோ. மொழிக்கு 600, சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றிய பகுதிக்கு 100, ஆக 700 பாடவேளைக்கு 1,603 யூரோ. சமூக உதவித்தொகை வாங்கும் குடும்பம் விண்ணப்பித்தால் இதிலிருந்தும் விலக்குக் கிடைக்கும். சீட்டு இல்லாதவர் கல்லூரியின் சொந்தக் கட்டணத்தில் சேரலாம். அது ஊருக்கு ஊர் மாறும்.

பாடவேளை என்பது 45 நிமிடம், ஒரு மணி நேரம் அல்ல. கணக்குப் போடும்போது இதில் பலர் ஏமாறுகிறார்கள். காலை வகுப்பு என்றால் வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு பாடவேளை. 600ஐ முடிக்க 30 வாரம், விடுமுறை சேர்த்தால் எட்டு ஒன்பது மாதம். மாலை வகுப்பு வாரம் இரண்டு நாள் என்றால் அதே 600க்கு 75 வாரம். பள்ளி விடுமுறையில் வகுப்பு நடக்காது என்பதையும் சேர்த்துக்கொண்டால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். இடையில் கோடை விடுமுறை ஆறு வாரம் வந்தால் படித்ததில் பாதி ஆவியாகிவிடும். வேலைக்குப் போகாதவர்கள் எப்படியாவது காலை வகுப்பையே பிடியுங்கள். பிள்ளைக்குக் கீட்டா எனும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்காததுதான் பெரும்பாலும் தடை. ஆகவே கீட்டா விண்ணப்பத்தையும் வகுப்பு விண்ணப்பத்தையும் ஒரே வாரத்தில் போட்டுவிடுவது நல்லது.

வகுப்பின் தரம் ஆசிரியரைப் பொறுத்தது. பெரும்பாலானவர்கள் மணிக்கணக்குச் சம்பளத்தில் வரும் ஒப்பந்த ஆசிரியர்கள். ஒரு 100 பாடவேளைப் பகுதி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது ஆளே மாறிவிடலாம். வகுப்பில் 25 பேர் வரை இருப்பார்கள். சிரியா, உக்ரைன், துருக்கி, பிரேசில் என்று கலவை. இதில் ஒரு லாபம் உண்டு. ஜெர்மனைத் தவிரப் பொதுமொழி இல்லாததால் இடைவேளையிலும் ஜெர்மன்தான் பேசியாக வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் கூட்டமாக உட்காரும் வகுப்பு கிடைத்தால் அந்த லாபம் போய்விடும். பாடநூல்கள் ஹூபர், க்ளெட், கொர்னெல்சன் பதிப்பகங்களுடையவை, நல்லவை. பயிற்சிப் பக்கங்களில் எழுதி நிரப்புவதால் பழைய புத்தகம் வாங்குவது வீண்.

தமிழர் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போவது மற்றவர்களைப் படுத்தும் அளவுக்கு நம்மைப் படுத்தாது. நம் வாக்கியமே அப்படித்தானே முடிகிறது. நம்மைக் கவிழ்ப்பது முதன்மை வாக்கியம். அங்கே வினை இரண்டாம் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், முன்னால் எது வந்தாலும். அடுத்தது பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டேர், டீ, டஸ். பெயர்ச்சொல்லைத் தனியாகப் படித்துவிட்டுப் பால் குறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்றாம் வேற்றுமை வரும்போது மொத்தமாகச் சரியும். உச்சரிப்பில் ப-வும் ஃப-வும், க-வும் ஹ-வும் கலக்கும். இவற்றைத் திருத்த வகுப்பில் நேரம் இருக்காது. மக்கள் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் ஃபௌஹாஎஸ் லேர்ன்போர்ட்டால் என்ற இணையதளம் இலவசம். ஏ1 முதல் பி2 வரை இருக்கிறது, பயிற்றுநர் திருத்தியும் அனுப்புவார். கல்லூரி தரும் பொருள்களிலேயே சிறந்தது இந்த இலவசப் பொருள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடைசித் தேர்வு டே-டே-ட்செட் எனப்படும் குடியேறுவோர் தேர்வு. கேட்டல் 25 நிமிடம், வாசித்தல் 45, எழுதுதல் 30, பிறகு இருவராக உட்கார்ந்து ஏறக்குறைய 16 நிமிடப் பேச்சு. பி1 கிடைக்க வேண்டுமானால் பேச்சில் பி1 கட்டாயம். அதோடு எழுத்திலோ, கேட்டல்-வாசித்தலிலோ ஏதாவது ஒன்றில் பி1 இருந்தால் போதும். நம்மவர்கள் எழுத்தில் நேரத்தைக் கொட்டிப் பேச்சில் விழுகிறார்கள். எழுத்தில் இரண்டு தலைப்பில் ஒன்றைத் தேர்ந்து கடிதம் எழுத வேண்டும். கொடுத்திருக்கும் நான்கு குறிப்புகளையும் தொட வேண்டும். அழகாக எழுதி ஒரு குறிப்பை விட்டால் மதிப்பெண் போகும், சுமாராக எழுதி நான்கையும் தொட்டால் நிற்கும். பேச்சில் கடைசிப் பகுதி, எதிரில் இருப்பவரோடு சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது. பயணமோ விருந்தோ எதுவானாலும் சரி. அவர் பேசும்போது நீங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தால் தேர்வாளர் எதை மதிப்பிடுவார்? மறுத்துப் பேசுங்கள், மாற்று யோசனை சொல்லுங்கள்.

இங்கே வரை குறை பெரிதாக இல்லை. பி1 கையில் வந்ததும் அதே கையேட்டின் உடல்நலப் பக்கத்தைப் புரட்டிப் பராமரிப்புப் பயிற்சியில் பெயர் கொடுக்கிறார்கள். குழப்பம் அங்கே தொடங்குகிறது. கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று வெவ்வேறு சரக்குகள் உண்டு.

முதலாவது பெட்ரொயுங்ஸ்க்ராஃப்ட். சமூகச் சட்டத்தொகுப்பின் பதினொன்றாம் புத்தகம், 43பி, 53பி பிரிவுகளின்படியான துணைப் பராமரிப்பாளர். பயிற்சி தொடங்கும் முன் ஏதாவது ஓர் இல்லத்தில் 40 மணி நேரம் இருந்து பார்த்துவர வேண்டும். பிறகு 100 மணி அடிப்படைப் பகுதி, இரண்டு வார இல்லப் பயிற்சி, 60 மணி மேற்பகுதி. வேலையில் சேர்ந்தபின் ஆண்டுதோறும் 16 மணி புதுப்பிப்பு. இவர்கள் குளிப்பாட்டுவதற்கோ மருந்து கொடுப்பதற்கோ அல்ல. பேசுவது, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, நடத்திச் செல்வது, பாட்டு, பழைய புகைப்படங்களைப் பார்த்து நினைவு கிளறுவது, மறதிநோய் உள்ளவரைப் பதற்றமில்லாமல் வைத்திருப்பது, இவைதான் வேலை. யோசித்துப் பாருங்கள்: வேலையின் கருவியே மொழி. உடலால் செய்யும் வேலைக்கு பி1 ஒப்பேற்றலாம்; நாள் முழுக்கப் பேசியே தீர வேண்டிய இந்த வேலைக்குத்தான் நல்ல பி1 வேண்டும். “உடம்பு வருத்தாத வேலை, முதலில் இதில் சேர்வோம்” என்று ஏ2 முடித்தவர்கள் சேர்ந்து பாதியில் நிற்பது இதனால்தான். ஏ2விலேயே சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் உங்களுக்கு நன்மை செய்யவில்லை.

இரண்டாவது ஃப்ளேகெபாஸிஸ்கூர்ஸ், அடிப்படைச் செவிலி உதவிப் பயிற்சி. செஞ்சிலுவைச் சங்கம், மால்டேசர், யோஹானிட்டர் போன்றவை நெடுங்காலமாக நடத்துபவை. சில ஊர்களில் மக்கள் கல்லூரியும் நடத்துகிறது அல்லது அவர்களோடு சேர்ந்து நடத்துகிறது. வழக்கமாக 120 பாடவேளை அளவில் வகுப்பு, இரண்டு வாரம் இல்லத்தில். படுக்கையில் துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்கவைப்பது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, உணவு ஊட்டுவது, நாடி, வெப்பம், இரத்த அழுத்தம் பார்ப்பது என்று கைவேலை. வேலைக்கு உடனே உதவும். ஆனால் இது அரசு அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்பு அல்ல.

மூன்றாவதுதான் அந்த அங்கீகாரம் உள்ளது. இதுவரை மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் காலமும் மாறிய, பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. 2027 ஜனவரி முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரி 18 மாத ஃப்ளேகெஃபாஹ் அஸிஸ்டென்ஸ் எனும் செவிலி உதவியாளர் படிப்பு ஆகிறது. இது செவிலியர் பள்ளியில், உதவித்தொகையோடு. மக்கள் கல்லூரியின் குறுகிய பயிற்சி இதில் சேர உதவும் முன்னோட்டம், இதற்கு மாற்று அல்ல. பயிற்சி அலுவலரிடம் இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள்: “இதை முடித்தால் எனக்குக் கிடைப்பது பங்கேற்புச் சான்றா, அரசு அங்கீகாரமா?” பதில் நீண்டுகொண்டே போனால் பங்கேற்புச் சான்றுதான்.

சம்பளத்தில் இந்த வேறுபாடு தெரியும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரைக்குமான பராமரிப்புத் துறையின் குறைந்தபட்ச ஊதியம், படிப்பில்லாத உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, ஓராண்டுப் படிப்புள்ளவருக்கு 17.35, மூன்றாண்டு முடித்த செவிலியருக்கு 20.50. மேலே சொன்ன முதல் இரண்டு பயிற்சிகளும் உங்களை அந்த முதல் படியிலேயே வைத்திருக்கும். ஆகவே சொந்தப் பணத்தைப் போடுமுன் ஆர்பைட்ஸ்ஆகென்டூர் எனும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பில்டுங்ஸ்குட்ஷைன் எனும் பயிற்சிச் சீட்டுக் கேளுங்கள். அது கிடைக்க வேண்டுமானால் பயிற்சி நிறுவனத்துக்கு அசாஃப் எனும் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். சீட்டு கையில் வருமுன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டுவிட்டுப் போனால் “ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களே” என்று கைவிரிப்பார்கள். பல இல்லங்கள் ஆளில்லாமல் தவிப்பதால் தாங்களே செலவை ஏற்கவும் செய்கின்றன. அந்த 40 மணி நேரம் போகும் இடத்திலேயே கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சேருமுன் எடுக்க வேண்டிய காகிதங்களில் தாமதமாவது இரண்டு. ஒன்று தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று. 1970க்குப் பின் பிறந்தவர்களுக்கு மருத்துவமனை போன்ற இடங்களில் இது 2020 மார்ச் முதல் கட்டாயம்; முதியோர் இல்லம் என்றால் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். ஊரில் குழந்தையாக இருந்தபோது போட்ட அட்டை கிடைக்காவிட்டால் தேடி அலையாதீர்கள். குடும்ப மருத்துவரிடம் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கச் சொல்லலாம், அல்லது மறுபடி போட்டுக்கொள்ளலாம். மற்றது விரிவான நன்னடத்தைச் சான்று. இல்லம் தரும் கடிதத்தோடு நகர அலுவலகத்தில் 13 யூரோ கட்டி விண்ணப்பிக்க வேண்டும். சாப்பாடு பரிமாறும் இடம் என்றால் சுகாதார அலுவலகத்தின் தொற்றுத்தடுப்பு அறிவுறுத்தலும் வேண்டும்.

முதல் நாளே சண்டை வரும் விஷயம் நகை. பராமரிப்பில் முழங்கைக்குக் கீழே மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் கூடாது, கல்யாண மோதிரம் உட்பட. கிருமிநாசினி அதன் அடியில் போகாது என்பதுதான் காரணம். நகப்பூச்சும் செயற்கை நகமும் கூடாது. தாலிச் சங்கிலியை வெளியே தொங்கவிடாதீர்கள். பதற்றத்தில் இருக்கும் முதியவர் கையில் அகப்பட்டதை இழுப்பார், கழுத்தை அறுக்கும். பொட்டுக்குத் தடையில்லை. கிருமிநாசினியைக் காய்ந்த கையில் உள்ளங்கை நிறைய எடுத்து 30 விநாடி ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும். விரல் நுனியும் கட்டைவிரலும் விட்டுப்போகும் இடங்கள்.

பயிற்சியில் கைவேலைப் பகுதியை நன்றாகத்தான் சொல்லித்தருகிறார்கள். கட்டிலை இடுப்பளவு உயர்த்தாமல் குனிந்து தூக்கினால் முதுகு போகும். துடைத்துவிடும்போது முகத்துக்குச் சோப்பு இல்லை, பிறகு சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்கு, கீழ்ப்பகுதிக்குத் தண்ணீரும் துணியும் மாற்ற வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும், சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது சாய்க்கக் கூடாது. இரத்த அழுத்தப் பட்டை முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே, கை இதயத்தின் மட்டத்தில், அதற்குமுன் ஐந்து நிமிட ஓய்வு. இதெல்லாம் பொம்மையிலும் சகபயிற்சியாளரிடமும் செய்து பார்க்கலாம்.

மொழி வகுப்புக்கும் பராமரிப்புப் பயிற்சிக்கும் நடுவில் விழும் பள்ளத்தை மட்டும் இரண்டு பக்கத்திலும் யாரும் நிரப்புவதில்லை. பி1 வகுப்பு வீடு வாடகைக்கு எடுக்கவும் மருத்துவரிடம் நேரம் கேட்கவும் சொல்லித்தரும். இல்லத்திலோ காலை ஆறரை மணிக்கு யூபர்காபே எனும் பணி ஒப்படைப்பு; இரவுப் பணியாளர் இருபது பேரைப் பற்றிப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவார், பாதி சுருக்கெழுத்தில். எர்-எர் என்றால் இரத்த அழுத்தம்; 1896இல் கைப்பட்டை அளவியை அறிமுகப்படுத்திய இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சியின் பெயர் அது. பே-ட்செட் சர்க்கரை, டே-கா பொருத்திவைத்த சிறுநீர் வடிகுழாய், பே-வே இல்லத்தில் வசிப்பவர். எந்த பி1 பாடத்திலும் இது வராது.

எண்கள் இன்னும் ஆபத்து. ஜெர்மனில் 53 என்பது “மூன்றும் ஐம்பதும்” என்ற வரிசையில் வரும். அவசரத்தில் 153ஐ 135 என்று எழுதிவிடுவது புதியவர்களின் முதல் பிழை, அதுவும் அழுத்தமோ சர்க்கரையோ என்றால் விளையாட்டல்ல. எழுதியதும் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள், “ஐன்ஸ், ஃப்யூன்ஃப், ட்ரை” என்று. நேரமும் அப்படியே: ஹால்ப் ஆஹ்ட் என்றால் எட்டரை அல்ல, ஏழரை. குடித்த தண்ணீரை மில்லிலிட்டரில் குறிக்கும் தாளில் “நிறைய குடித்தார்” என்று எழுதினால் மேற்பார்வையாளர் திருப்பித் தருவார், “10 மணிக்கு 200 மி.லி. தேநீர்” என்று எழுத வேண்டும். கண்டதை எழுது, கணித்ததை எழுதாதே என்பது அங்கே விதி.

மரியாதையிலும் ஒரு வழுக்கல். பாட்டி வயதுக்காரரை ஓமா என்று அன்போடு கூப்பிடத் தோன்றும். இங்கே அது அவமதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஃப்ராவ், ஹெர் என்று குடும்பப் பெயரோடு, எப்போதும் “ஸீ”, அதாவது “நீங்கள்” என்றே பேச வேண்டும். வட்டார வழக்கையும் எதிர்பாருங்கள்; ஸ்வாபியனோ கோல்ஷோ பேசும் தொண்ணூறு வயதுக்காரர் உங்கள் பாடநூல் ஜெர்மனைப் பேசப்போவதில்லை.

ஆக, வரிசை இப்படி இருந்தால் காசும் காலமும் வீணாகாது: காலை வகுப்பில் பி1, உடனே பராமரிப்புத் துறைக்கான பெரூஃப்ஸ்ஷ்ப்ராஹ்கூர்ஸ் எனும் தொழில்மொழி வகுப்பு கிடைக்கிறதா என்று அதே கல்லூரியில் கேட்பது, இடையில் ஓர் இல்லத்தில் அந்த 40 மணி நேரம், அதன்பிறகே பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது. 40 மணி நேரத்திலேயே வாசனை, மரணம், அழுகை இவற்றோடு ஒத்துப்போகுமா என்பதும் தெரிந்துவிடும். 1980களில் வந்த ஈழத்தமிழர் தலைமுறை முதுமையை எட்டியிருக்கும் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா போன்ற பகுதிகளில் தமிழ் தெரிந்த துணைப் பராமரிப்பாளருக்கு இடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் தாய்மொழியைக் கடைசி வரியில் ஒளித்துவைக்காதீர்கள்.

ஊரில் பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்தவர்கள் இந்த உதவியாளர் பயிற்சிகள் எதிலும் சேர வேண்டாம். உங்கள் வழி அனெர்கென்னுங், அதாவது பட்ட அங்கீகாரம்: மாநில அலுவலகத்தில் விண்ணப்பம், அவர்கள் குறை என்று சொல்வதை அறிவுத்தேர்வாலோ தகவமைப்புப் பயிற்சியாலோ நிரப்புவது, கூடவே பி2. மக்கள் கல்லூரியில் உங்களுக்கு வேண்டியது பி2 வகுப்பு மட்டும். அதற்கும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், வசந்தகாலப் பருவத்துக்கு டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள்.